படிக்க முடியாத ஏட்டுக்கு மெய்ப்புப் பார்த்தல்

சென்ற ஆண்டு ஒரு திருமண வரவேற்பில், அச்சகத்தில் என்னுடன் வேலை பார்த்த பழைய நண்பரை நெடுநாளைக்குப் பிறகு சந்தித்தேன். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் அவர் கம்பாசிட்டர், நான் மெய்ப்புத் திருத்துபவன். பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருந்தபோது, ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று விசாரித்தார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூலப்படி கிடையாது, மொழி தெரியாது. யாராலும் படிக்க முடியாத புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறீங்க. இதனால யாருக்கு என்ன பயன் சார்?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை. நாற்பது ஆண்டுகள் எழுத்தோடு வாழ்ந்த ஒருவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி அது. அன்று ஏதோ மழுப்பலாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒன்பது ஆண்டுகளாக என் மாலை நேரங்களை வாங்கிக்கொண்ட ஒரு வேலைக்கு அதன் பயனைச் சொல்லத் தெரியவில்லை என்றால், வேலையில் குறையா, அல்லது நான் அதை இன்னும் சரியாக யோசிக்கவில்லையா என்ற ஐயம் பல வாரங்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து வந்தது.

நான் சொல்லும் ஏடு வாய்னிச் கையெழுத்துப் பிரதி. இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் அறிமுகத்தை நீட்டவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் எம்.எஸ். 408 என்ற எண்ணில் இருக்கும், கன்றுத்தோலில் எழுதப்பட்ட, ஒரு சிறிய நோட்டுப் புத்தக அளவேயுள்ள, ஏறத்தாழ 240 பக்கங்கள் கொண்ட ஏடு. எந்தச் செடி என்று அடையாளம் சொல்ல முடியாத செடிகள், விண்மீன்களும் இராசிகளும் நிறைந்த வட்டங்கள், பச்சை நீரில் நிற்கும் பெண்கள் என்று பக்கந்தோறும் படங்கள். அவற்றைச் சுற்றி, வேறெங்கும் காணப்படாத ஓர் எழுத்தில் 35,000க்கும் மேற்பட்ட சொற்கள். வில்ஃப்ரிட் வாய்னிச் என்ற பழம்புத்தக வணிகர் 1912இல் ரோமுக்கு அருகிலுள்ள வில்லா மொந்திராகோனேயில் இயேசு சபையினரிடமிருந்து இதை வாங்கினார். 2009இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் செய்த கரிமக் காலக்கணிப்பு, அதன் தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று காட்டியது. நூலகம் எல்லாப் பக்கங்களின் படங்களையும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருப்பதால், நானும் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பார்க்க முடிந்தது.

முதல் பார்வையில் என்னைப் பிடித்து நிறுத்தியவை படங்களல்ல, வரிகள். மெய்ப்புப் பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பொருளில் மூழ்கினால் பிழை கண்ணில் படாது. ஆகவே சொல்லைச் சொல்லாகப் பார்க்காமல் எழுத்து எழுத்தாகப் பார்க்கக் கண்ணைப் பழக்கியிருப்பான். பொருள் என்ற திரை முற்றிலும் விலகிய ஒரு நூலை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தபோது, அது எனக்கென்றே எழுதப்பட்டதுபோல் தோன்றியது. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை, சில இடங்களில் மூன்று முறை வருகிறது. அச்சகமாக இருந்தால் "இரட்டித்துவிட்டது" என்று ஓரத்தில் குறித்திருப்பேன். அத்தனை பக்கங்களில் அடித்தல் திருத்தல் மிக அரிது. கை தயங்காமல் ஓடியிருக்கிறது. எழுதியவர் ஒரு மூலத்தைப் பார்த்துப் படியெடுத்தாரா, கூறக்கேட்டு எழுதினாரா, அல்லது எழுத எழுதச் சொற்களை உண்டாக்கிக்கொண்டே போனாரா என்ற கேள்விகள் அன்றிரவே தொடங்கிவிட்டன.

"சொல்" என்று ஓர் ஓசை

இந்த எழுத்தைக் கணினியில் ஏற்ற, 1990களில் ரெனே ஸாண்ட்பெர்கன், கபிரியேல் லண்டினி என்ற இருவர் ஒரு குறியீட்டு முறையை வகுத்தார்கள். ஐரோப்பிய வாய்னிச் நெடுங்கணக்கு என்பது அதன் பெயர், சுருக்கமாக ஈவா. ஸாண்ட்பெர்கன் விண்வெளிப் பொறியியலாளர். பழஞ்சுவடி அவருடைய தொழிலன்று. ஈவாவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இலத்தீன் எழுத்து கொடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான சொற்களை வாய்விட்டுச் சொல்ல வசதியாக அந்த எழுத்துகள் தெரிந்தெடுக்கப்பட்டன, அவ்வளவுதான். அந்த வடிவங்களின் உண்மையான ஒலி இதுதான் என்று அவர்கள் ஒருபோதும் கூறவில்லை. இதை நான் முதல் வாரத்திலேயே படித்தேன், புரிந்துகொண்டேன், நோட்டில் எழுதியும் வைத்தேன். ஆனால் புரிந்துகொண்டதும் மனம் அதற்குக் கட்டுப்படுவதும் வேறு வேறு என்பதை அப்போது நான் அறியவில்லை.

செடிப் பக்கங்களை ஈவாவில் படித்துக்கொண்டு போனபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. வாய்விட்டுப் படித்தால் அதன் ஓசை "சொல்". தமிழில் நாம் சொல்லும் அதே சொல். அதன் அருகில் "கொல்", "தொல்", "கல்", "ஒர்", "அல்". ஏட்டிலேயே மிக அதிகமாக, 800 முறைக்கும் மேல் வரும் சொல் "டைன்" என்று ஒலிக்கிறது. முன்னே ஒரு சிறு துண்டு, நடுவில் ஒரு வேர், பின்னே ஒட்டிக்கொள்ளும் ஒரு சில வகை ஈறுகள் என்று அமைந்த அந்தச் சொற்களின் கட்டமைப்பும், வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் ஒட்டிக்கொண்டே போகும் நம் மொழியை நினைவூட்டியது. நெஞ்சு படபடத்தது என்றால் மிகையில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் நடு ஐரோப்பாவுக்குத் தமிழ் எப்படிப் போயிருக்கும் என்ற கேள்விக்கு நானே விடைகளைத் தேடத் தொடங்கினேன்: மிளகு வணிகம், வெனிசு நகரம், யாரோ ஒரு பயணி. ஒரு சான்றும் இல்லாத இடத்தில் வணிகப் பாதைகளை வரைவது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் அச்சமாக இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், மூன்று தடித்த நோட்டுகள். கோல், தோல், கள், ஓர், ஆல், தார் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. ஆலமரம் போன்ற ஏதோ ஒன்றைப் படத்திலும் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்போது புள்ளியியல் படித்துக்கொண்டிருந்த என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டினாள். என் மனம் நோகக் கூடாதென்ற கவனம் அவள் குரலில் இருந்தது. "அப்பா, இந்த எழுத்துக்கு இந்த ஒலின்னு அவங்க சும்மா வச்சதுதானே? அதையே வேற மாதிரி மாத்தி வச்சிருந்தா எத்தனை தமிழ்ச் சொல் கிடைச்சிருக்கும்?" என்று கேட்டாள். நான் உடனே விடை சொன்னேன்: ஒன்றிரண்டு கிடைக்கும், இவ்வளவு கிடைக்காது. "பார்த்துடலாமா?" என்றாள்.

அவள் ஒரு சிறு நிரல் எழுதினாள். ஏட்டில் அதிகம் வரும் சொற்களை எடுத்து, உயிரெழுத்துகளாகக் கருதப்பட்டவற்றைத் தங்களுக்குள்ளும் மெய்யெழுத்துகளாகக் கருதப்பட்டவற்றைத் தங்களுக்குள்ளும் குருட்டுத்தனமாக இடம் மாற்றி, பத்து வெவ்வேறு பட்டியல்களை அச்சிட்டுத் தந்தாள். ஒவ்வொன்றும் வேண்டுமென்றே பொய்யாகச் செய்யப்பட்ட வாசிப்பு. என் பட்டியலில் நான் எவ்வளவு தாராளம் காட்டினேனோ, அதே தாராளத்தை ஒவ்வொன்றிலும் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. குறிலை நெடிலாகப் படித்தேனா? இங்கும் அப்படிப் படிக்கலாம். ஒரே எழுத்தை ல, ள, ழ மூன்றில் எதுவாகவும் கொண்டேனா? இங்கும் கொள்ளலாம். நான் அந்தப் பத்துப் பட்டியல்களோடு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். முதல் பட்டியலிலேயே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் பத்தையும் முடித்தேன். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே அளவு தமிழ்ச் சொற்கள் வந்தன. ஏழாவது பட்டியலில், ஒரு செடிப் பக்கத்தின் முதல் வரியில் "வேர்" என்றும் அதற்கு இரண்டு சொல் தள்ளி "நீர்" என்றும் வந்தன. என் சொந்த வாசிப்பில் இரண்டு ஆண்டுகளாக அவ்வளவு அழகான ஒரு வரி கிடைத்ததில்லை. அது பொய்ப் பட்டியல் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்புதான் எனக்குப் பாடமாக அமைந்தது. உண்மையைக் கண்டபோது வரும் என்று நான் நம்பியிருந்த உணர்வு, பொய்யைக் கண்டபோதும் அட்சரம் பிசகாமல் அப்படியே வந்தது.

ஏன் அப்படி நடந்தது என்பதைப் பிறகு நிதானமாக யோசித்தபோது, காரணம் ஏட்டில் இல்லை, நம் மொழியில் இருந்தது. ஒரு மெய், ஓர் உயிர், ஈற்றில் ஒரு மெல்லெழுத்தோ இடையெழுத்தோ என்று அமைந்த ஓரசைச் சொற்கள் தமிழில் மிகுதி. கல், கால், கள், காழ், கோள், வேல், வேர், தேன், மீன், நூல், தாள் என்று எண்ணிக்கொண்டே போகலாம். எந்த இரண்டு மெய்யெழுத்துக்கு நடுவில் எந்த உயிரைச் செருகினாலும் ஏதாவதொரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் மூன்று லகரங்களும் இரண்டு ரகரங்களும் மூன்று னகரங்களும் என் கையில் இருந்தன. பூட்டு எதுவாக இருந்தாலும் நுழையும்படி தேய்ந்த சாவியை வைத்துக்கொண்டு, திறந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறேன். மேலும், யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் வில்லியம் பென்னட் 1976லேயே ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இந்த ஏட்டில் ஓர் எழுத்தைப் பார்த்தால் அடுத்த எழுத்து எது என்பதை வியப்பூட்டும் அளவுக்கு ஊகித்துவிட முடிகிறது. முந்தைய எழுத்து தெரிந்தபின் அடுத்த எழுத்து தரும் புதுச் செய்தி, அதை அளக்கும் பிட் என்ற அலகில், ஏறத்தாழ 2 பிட்தான். ஐரோப்பிய மொழிகளில் அது 3க்கு மேல். அதாவது, எழுத்துக்கு எழுத்து மாற்றிவைத்த எளிய மறைப்பாக இது இருந்தால், அடியில் இருக்கும் மொழி நாம் அறிந்த பெரும்பாலான மொழிகளைப் போன்றதாக இருக்க முடியாது. இதையும் நான் முன்பே படித்திருந்தேன். "சொல்" என்ற ஓசை காதில் இருந்தவரை அது எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வில்லியம் ரோமைன் நியூபோல்டின் கதையை வேறு கண்ணோடு படித்தேன். அவர் என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர், இலத்தீனும் கிரேக்கமும் நன்கறிந்தவர். 1921இல் அவர் தம் வாசிப்பை அறிவித்தார். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் உருப்பெருக்கியால் மட்டுமே தெரியும் நுண்கோடுகள் இருப்பதாகவும், அவை பழைய கிரேக்கச் சுருக்கெழுத்து என்றும், அவற்றைச் சேர்த்துப் பிரித்து மாற்றியடுக்கினால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆங்கிலத் துறவியும் அறிஞருமான ரோஜர் பேக்கன் தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் கொண்டு கண்டவை வெளிப்படுகின்றன என்றும் கூறினார். அறிஞர்கள் பலர் ஏற்றுக்கொண்டார்கள். அவர் 1926இல் இறந்தார். நூல் 1928இல் வெளிவந்தது. 1931இல் ஜான் மான்லி என்ற அறிஞர், அந்த நுண்கோடுகள் எல்லாம் சொரசொரப்பான தோலில் மை காய்ந்து வெடித்த விரிசல்கள் என்று காட்டினார். மாற்றியடுக்கும் முறையிலும் அவ்வளவு தளர்ச்சி இருந்ததால், யார் எதை விரும்பினாலும் அது கிடைத்துவிடும். நியூபோல்ட் பொய் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கண் வலிக்க வலிக்க உழைத்தார், விரிசலில் எழுத்தைக் கண்டார், கண்டதை நம்பினார். அவருக்குக் கிடைக்காமல் போனது ஒன்றே: அவர் உயிரோடிருந்தபோதே, "இதே முறையை வேறொரு பக்கத்தில், வேறொரு மையில் செய்து பார்த்துடலாமா?" என்று அருகில் உட்கார்ந்து கேட்க ஒருவர்.

மிஞ்சி நிற்பவை

அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு சில மாதங்கள் ஏட்டைத் திறக்கவில்லை. மீண்டும் திறந்தபோது வேறொரு கேள்வியோடு திறந்தேன். வாய்னிச் வாங்கியது முதல் நூறு ஆண்டுகளுக்கு மேல் இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வாசிப்புகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. உதிராமல் நிற்பது எது? தேடத் தேட ஓர் ஒழுங்கு புலப்பட்டது. இந்த ஏடு என்ன சொல்கிறது என்று அறிவித்தவர்களின் வேலை அவர்களோடு முடிந்தது. இந்த ஏட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணி எழுதிவைத்தவர்களின் வேலையைப் பின்வந்தவர்கள் இன்றும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

தியடோர் பீட்டர்சன் என்ற பாதிரியார் ஒளிப்படப் படிகளைப் பார்த்து ஏட்டைக் கையாலேயே படியெடுத்து, அதற்குச் சொல்லடைவும் செய்தார். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் வருகிறது என்ற அட்டவணையை, சொல்லின் பொருளே தெரியாமல், கணினி இல்லாமல் செய்வதை எண்ணிப் பாருங்கள். ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தவர்களின் பொறுமையைப் பற்றி நாம் பேசுவோம். அவர்களுக்காவது மொழி துணையிருந்தது. 1944இல் அமெரிக்க இராணுவத்தின் மறையெழுத்து வல்லுநர் வில்லியம் ஃபிரீட்மன், தம்முடன் பணிபுரிந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு வேலை நேரத்துக்குப் பிறகு இதில் ஈடுபட்டார். அவர்கள் எதையும் வாசித்துவிடவில்லை. ஆனால் இயந்திரத்தில் ஏற்றுவதற்காக அவர்கள் எழுத்துப் பெயர்த்த படிகள் பல பத்தாண்டுகள் கழித்து வெளிவந்து, அடுத்த தலைமுறைக்குத் தொடக்கப் புள்ளியாயின. பிறகு தக்கேஷி தக்காஹாஷி என்ற ஜப்பானிய ஆர்வலர் ஏடு முழுவதையும் ஈவாவில் எழுத்துப் பெயர்த்தார். ஏட்டைப் பற்றி இன்று கணக்குப் போடுபவர்களில் பலர் அவர் தந்த படியை வைத்தே போடுகிறார்கள்.

இவர்களில் என் மனத்தில் மிக உயர்ந்த இடம் பிரெஸ்காட் கரியருக்கு. அமெரிக்கக் கடற்படையில் மறையெழுத்துத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1976இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவர் சொன்னது மிக எளிமையானது: செடிப் பக்கங்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. ஒரு வகையில் சில ஈறுகள் கொட்டிக் கிடக்கின்றன. மற்றதில் அவை அநேகமாக இல்லை. நான் மயங்கிய அந்த "சொல்" என்ற ஓசைக்குரிய வடிவம் முதல் வகையில்தான் மிகுதி. அத்தோடு, இரு வகைகளின் கையெழுத்தும் வேறு வேறு என்றார். அவற்றுக்கு ஏ, பி என்று பெயரிட்டதோடு நின்றுகொண்டார். அவற்றை அவர் மொழிகள் என்றே குறித்தாலும், அவை எந்த மொழி என்று சொல்லவில்லை. 2020இல் லீசா ஃபேகின் டேவிஸ் என்ற இடைக்காலச் சுவடியியல் அறிஞர், எழுத்து வடிவங்களை மட்டும் நுணுகி ஆராய்ந்து, இந்த ஏட்டில் ஐந்து கைகள் இருப்பதாகக் கூறினார். அந்தக் கைகளின் எல்லைகள் கரியர் பிரித்த ஏ, பி பிரிவோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒருவர் எண்ணிக்கையிலிருந்து வந்தார், மற்றவர் எழுதுகோலின் ஓட்டத்திலிருந்து வந்தார்; ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்தித்தார்கள். இந்த ஏட்டைப் பற்றி உறுதியாகப் பேசக்கூடிய மிகச் சிலவற்றில் இது ஒன்று. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஏ வகைத் தாள்களும் பி வகைத் தாள்களும் செடிப் பகுதியில் இன்று கலந்து கிடக்கின்றன; ஆகவே ஏடு இப்போது கட்டப்பட்டிருக்கும் வரிசை, எழுதப்பட்டபோது இருந்த வரிசையாக இருக்க வாய்ப்பில்லை.

அந்த வரவேற்புக்குச் சில மாதங்கள் கழித்து நண்பரைத் தொலைபேசியில் அழைத்தது இதைச் சொல்லத்தான். கம்பாசிட்டருக்கு விளக்க எளிதாக இருந்தது. எழுத்துப் பெட்டியில் அதிகம் வரும் எழுத்துக்குப் பெரிய அறை, அரிதாக வருவதற்குச் சிறிய அறை. கை அதற்குப் பழகியிருக்கும். இந்த ஏட்டை ஈய எழுத்தில் கோப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஏ பக்கங்களுக்கு ஒரு பெட்டி, பி பக்கங்களுக்கு அறைகளின் அளவே மாறிய இன்னொரு பெட்டி வேண்டும் என்றேன். "அப்ப ஆளும் மாறியிருக்கு, கேஸும் மாறியிருக்கு" என்றார் அவர். கரியரின் கருத்தரங்க உரை முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பொருள் தெரியாமலேயே ஒரு நூலைப் பற்றி உண்மையான ஒன்றை அறிய முடியும் என்பது அவருக்குப் பிடிபட்டதை அவர் குரலிலேயே கேட்டேன்.

நமக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டு ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். 1977இல் வெளிவந்த அவருடைய சிந்து எழுத்துத் தொகுதி, பொறிப்புகளையும் குறிகளையும் எடுத்து அடுக்கிய அட்டவணை நூல். அந்த எழுத்தின் அடியில் இருப்பது திராவிட மொழி என்று அவர் கருதினார். அதை மறுப்பவர்கள் பலர். ஆனால் மறுப்பவர்களும் மறுக்கும்போது அவருடைய தொகுதியைத்தான் புரட்டுகிறார்கள். தம் கருத்துக்கு எதிரானவர்களும் நம்பிப் பயன்படுத்தும்படி ஒரு கருவியைச் செய்துவைப்பதைவிடப் பெரிய ஆராய்ச்சி நேர்மை எனக்குத் தெரியவில்லை. கிரீட் தீவின் லீனியர் பி எழுத்தை 1952இல் வாசித்த மைக்கேல் வெண்ட்ரிஸ் கட்டடக் கலைஞர். அது பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கனோடு உறவுள்ள மொழி என்று ஆண்டுக்கணக்காக நம்பியிருந்தவர். அவருக்கு முன்பே ஆலிஸ் கோபர், எந்த மொழி என்று ஊகிக்க மறுத்து, கையால் வெட்டிய ஆயிரக்கணக்கான சீட்டுகளில் குறிகளின் வரவுகளை மட்டும் பதிந்து, சொற்கள் ஈறு மாறுவதைக் காட்டியிருந்தார். அந்த வழியில் சென்ற வெண்ட்ரிஸ், முடிவில் கிரேக்கம் வந்து நின்றபோது தம் பழைய நம்பிக்கையைக் கைவிட்டார். அந்த எழுத்து வாசிக்கப்பட்டதற்கு அந்தக் கைவிடலும் ஒரு காரணம்.

வாய்னிச் ஏட்டின் முதல் ஆய்வாளர் என்று நாம் அறிந்தவரும் ஓர் ஆர்வலரே. பிராகா நகரில் வாழ்ந்த கியோர்க் பாரெஷ். 1639இல் ரோமில் இருந்த இயேசு சபை அறிஞர் அத்தனாசியஸ் கிர்ஷருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. தம் நூலகத்தில் வீணாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு புதிர் என்று இந்த ஏட்டை அதில் குறிப்பிடுகிறார். அவர் செய்தது என்ன? அறிமுகமில்லாத எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துச் சில பகுதிகளைப் படியெடுத்து, தம்மைவிட அதிகம் அறிந்தவர் என்று நம்பியவருக்கு அனுப்பினார். பிராகாவிலிருந்து ரோமுக்கு அன்று கடிதம் போகும் தொலைவை நினைத்துக்கொள்கிறேன். வாசிக்க முடியாமலேயே அவர் காலம் முடிந்தது. அந்தக் கடிதம் இல்லையென்றால் ஏட்டின் பயணத்தில் ஒரு பெரிய கண்ணி நமக்குக் கிடைத்திருக்காது.

ஆர்வலர்கள் மீது அறிஞர்கள் வைக்கும் குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. அடிக்கடி யாரோ ஒருவர் ஏட்டை வாசித்துவிட்டதாக அறிவிக்கிறார். நாளிதழ்கள் அதைப் பெரிதாக வெளியிடுகின்றன. மறுப்பு மூலையில் சிறிய எழுத்தில் வருகிறது. 2019இல் அப்படியொரு வாசிப்பை முதலில் பெருமையோடு அறிவித்த பிரிஸ்டல் பல்கலைக்கழகம், சில நாட்களிலேயே அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டது. ஒவ்வோர் அறிவிப்பையும் பரிசோதிக்க யாரோ ஒரு சுவடியியலாளரின் நேரம் செலவாகிறது. என் நோட்டுகளை நான் வெளியிட்டிருந்தால் அந்தச் செலவில் எனக்கும் பங்கு இருந்திருக்கும். ஆகவே, தொழில்முறையில்லாத ஆய்வு எல்லாமே மதிப்புள்ளது என்று நான் சொல்ல மாட்டேன். தன் கருத்து எப்படித் தோற்கும் என்பதை முதலிலேயே எழுதிவைத்து, அந்தச் சோதனையைத் தானே செய்து, தோற்றால் அதையும் எழுதிவைப்பவரின் ஆய்வு மதிப்புள்ளது. அப்படிச் செய்யாதவர் பேராசிரியராக இருந்தாலும், நியூபோல்டைப் போல, விரிசலைப் படித்துக்கொண்டிருப்பார். என் மூன்று நோட்டுகளையும் நான் எறியவில்லை. முதல் பக்கத்தில், என்ன முறையைப் பின்பற்றினேன், எந்தச் சோதனையில் அது விழுந்தது என்று எழுதி ஒட்டி, பத்துப் பொய்ப் பட்டியல்களையும் உள்ளே செருகி வைத்திருக்கிறேன். தமிழ் தெரிந்த இன்னொருவர் ஒருநாள் அந்த "சொல்"லைக் கேட்பார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் மிச்சமாகும்.

இதில் ஆர்வலருக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு வசதியும் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவரிடம், பத்து ஆண்டுகள் உழைத்தாலும் முடிவு கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே ஒரு தலைப்பை எந்த ஆசிரியர் கொடுப்பார்? ஓய்வூதியத்தில் வாழ்பவனை யாரும் கெடு வைத்து முடிவு கேட்பதில்லை. வேகமாக முடிவு தேவைப்படாதவரால் மட்டுமே செய்யக்கூடிய சலிப்பான வேலைகள் இந்த ஏட்டில் நிறையக் கிடக்கின்றன.

இடைவெளிகள்

நான் இப்போது செய்வது அப்படியொரு வேலை. இந்த ஏட்டில் சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் எல்லா இடத்திலும் தெளிவாக இல்லை. சில இடங்களில் நன்றாக விலகியிருக்கின்றன. சில இடங்களில் அது இடைவெளியா, கை சற்றுத் தள்ளிப் போனதா என்று சொல்ல முடியாது. எழுத்துப்பெயர்ப்பு முறையில் இதற்கு வழி உண்டு: உறுதியான இடைவெளிக்கு முற்றுப்புள்ளி, ஐயமுள்ளதற்குக் காற்புள்ளி. ஆனால் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஏட்டில் எத்தனை வெவ்வேறு சொற்கள், சராசரி நீளம் என்ன, எந்தச் சொல் எதனருகில் வருகிறது என்பன எல்லாம் அந்தச் சிறு வெற்றிடங்களை நம்பியிருக்கின்றன. நான் பக்கம் பக்கமாக, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு காற்புள்ளியையும் பார்த்து என் தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் பதிந்து வருகிறேன். முந்தைய வரியின் உயரமான எழுத்து குறுக்கிட்டதால் விலகியதா, செடியின் தண்டைத் தாண்ட வேண்டியிருந்ததா, தோலில் ஓட்டை இருந்ததா, வரி முடிவில் இடம் போதாமல் நெருக்கியதா.

வரி முடிவு எனக்குப் பழகிய இடம். ஈவாவில் "எம்" என்று குறிக்கப்படும் எழுத்து பெரும்பாலும் வரியின் கடைசியில்தான் வருகிறது. உயர்ந்து வளைந்த இரண்டு எழுத்துகள் பத்தியின் முதல் வரியிலேயே மிகுதியாக வருகின்றன. வரி என்பது இங்கே ஒரு தனி உறுப்பாக இயங்குகிறது என்று கரியர் சொன்னது இவற்றையெல்லாம் பார்த்துத்தான். இயல்பான உரைநடையில் வரி எங்கே முடிகிறது என்பதை ஓரம்தான் தீர்மானிக்கும், மொழி தீர்மானிக்காது. இங்கே ஏன் இப்படி? வரி முடிவில் இடமில்லாதபோது அன்றைய எழுத்தர்கள் சுருக்கக் குறி இட்டார்கள். பத்தியின் முதல் வரிக்கு மேலே வெற்றிடம் இருந்ததால் அங்கே எழுத்துகளை அலங்காரமாக உயர்த்தினார்கள். அந்தப் பழக்கம் மட்டுமே காரணமா என்பதைச் சரிபார்க்க, இடைவெளிகளும் வரி எல்லைகளும் துல்லியமாகப் பதியப்பட்ட படி முதலில் வேண்டும். அதில் சில பக்கங்களாவது என் கைவழியாகச் சரியாக இருக்கும்.

கடந்த மாதம் நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பிக்குப் பிறகு, பழையபடி ஒரு பக்கம் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். ஒருவர் படியைப் படிக்க மற்றவர் மெய்ப்பைப் பார்ப்பது அச்சக வழக்கம். நான் திரையில் இருந்த படத்தைப் பார்த்தேன்; அவர் அச்சிட்ட எழுத்துப்பெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நாள்களில் படிப்பதுபோலவே நிறுத்தி நிறுத்தி, புள்ளி, காற்புள்ளி எல்லாம் சொல்லிப் படித்தார். எட்டு வரி சரியாக வந்தது. ஒன்பதாவது வரியின் நடுவில் முற்றுப்புள்ளி என்று படித்தார். படத்தில் இடைவெளி இருந்தது; இரண்டு சொற்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவர் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார். "இது ஸ்பேஸ் போட்ட இடம் இல்ல சார். முன்னாடி எழுத்தோட வால் நீண்டிருக்கு, அதனால அடுத்தது தள்ளி உட்கார்ந்திருக்கு. மேல்வரியில இதே எழுத்துக்கு அப்புறம் பாருங்க, அங்கயும் இதே அளவுதான் தள்ளியிருக்கு" என்றார். மேல்வரியைப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரியில் அதே எழுத்துக்குப் பின் அடுத்தது ஒட்டியே இருந்தது. அதைக் காட்டினேன். இருவரும் அரை மணி நேரம் அந்தப் பக்கத்தில் அந்த வடிவம் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பார்த்தோம். ஒத்துப்போக முடியவில்லை. முற்றுப்புள்ளியை அடித்துக் காற்புள்ளியாக்கி, அவர் சொன்ன காரணத்தையும் நான் சொன்ன காரணத்தையும் ஓரத்தில் எழுதிவிட்டு, பத்தாவது வரிக்குப் போனோம்.